வகுப்பில் முதலில் முடிக்கிற பிள்ளை: மீத்திறனா, வெறும் வேகமா?

சேலம்_அம்மா:

வணக்கம். பொண்ணுக்கு 7 வயசு, மெட்ரிக் பள்ளியில ரெண்டாம் வகுப்பு. கணக்கு கொடுத்தா அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டு பக்கத்துப் பிள்ளை நோட்டை எட்டிப் பார்க்கிறா, பேசுறா. டைரியில ரெண்டு தடவை கம்ப்ளெயின்ட் வந்தாச்சு. அதே பிள்ளை வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தா ஒரு மணி நேரம் இழுக்கிறா. கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு. நாலு வயசுலயே தமிழ் எழுத்துக் கூட்டிப் படிச்சா. மிஸ் ஒருத்தங்க "டபுள் புரமோஷன் கேட்டுப் பாருங்க"ங்கிறாங்க. சொந்தக்காரங்க, கைரேகை எடுத்து மூளைத்திறன் சொல்ற இடத்துக்குப் போகச் சொல்றாங்க.

இது 'கிஃப்டட்'னு சொல்ற மீத்திறன் தானா, இல்ல சூட்டிப்பான பிள்ளை, அவ்வளவுதானா? ஐக்யூ டெஸ்ட் எடுக்கணுமா? ஒரு வகுப்பைத் தாண்டி விடலாமா? அபாகஸ்ல சேர்க்கலாமா?

மைக்கூடு:

முதலில் கைரேகையை முடித்துவிடலாம். விரல் ரேகையை வைத்து அறிவுத்திறனைச் சொல்ல முடியும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இதை ஏற்கவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கிற 'மிட்பிரெயின்' வகுப்பும் அதே ரகம்தான். மூக்கோர இடுக்கு வழியாகக் கீழே பார்க்க முடிகிறது, அதுதான் வித்தை. புத்தகத்தை முகத்துக்கு நேராக ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள், படிப்பு நின்றுவிடும்.

நாலு வயதில் படித்தது நல்ல அறிகுறிதான், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். தமிழில் எழுத்தும் ஒலியும் ஓரளவு ஒட்டியே போவதால், கூட்டத் தெரிந்த பிள்ளை புரியாத பத்தியையும் கடகடவென்று வாசித்துவிடும். ஆங்கிலத்தில் அப்படி முடியாது. ஆகவே வாசிப்பைச் சோதிக்கும்போது, பதில் பத்தியிலேயே இல்லாத கேள்வியாகக் கேளுங்கள். காக்கா பானையில் கல் போட்ட கதையை எடுத்துக்கொள்ளலாம். "கல்லுக்குப் பதிலா கட்டையைப் போட்டிருந்தா?" என்று கேட்டால், "மிதக்கும்" என்று சொல்லி நிறுத்துகிற பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. "மிதந்தாலும் கொஞ்சம் தண்ணியை மேல தள்ளுமே" என்று தொடர்கிற பிள்ளையைக் கவனியுங்கள். "தண்ணி ரொம்பக் கொஞ்சமா இருந்தா? கல்லுக்கு நடுவுல இருக்கிற சந்துக்கே சரியாப் போயிடுமே, மேல வராதே" என்று கதையையே சந்தேகப்படுகிற 7 வயதுப் பிள்ளை இருந்தால், அன்றைய தேதியைக் குறித்து வையுங்கள்.

குறித்து வையுங்கள் என்று சும்மா சொல்லவில்லை. 40 பக்க நோட்டு ஒன்றில் ஆறு வாரம் எழுதுங்கள். தேதி, பிள்ளை கேட்டதோ செய்ததோ அதன் சொந்த வார்த்தையில், எத்தனை நிமிடம் அதிலேயே இருந்தது, எங்கே மாட்டிக்கொண்டது, மாட்டிய பிறகு என்ன செய்தது. கடைசி இரண்டும்தான் முக்கியம். நாளுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். "புத்திசாலித்தனமாகப் பேசினாள்" என்று எழுதினால் ஆறு வாரம் கழித்து அதற்கு ஒரு பொருளும் இருக்காது. "'நிழல் ஏன் மத்தியானம் குட்டையாகுது?' என்று கேட்டாள். குச்சி நட்டு மூன்று முறை அளந்தாள். மேகம் மூடியதும் அழுகை, மறுநாள் மறுபடி அளந்தாள்." இப்படி இருக்க வேண்டும்.

வேகத்தை மட்டும் பார்ப்பதில் ஒரு ஆபத்து. சில மீத்திறப் பிள்ளைகள் மந்தமாகத் தெரிவார்கள். ஒரு கேள்விக்கு மூன்று பதில் தோன்றி, எதைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு நிற்பார்கள். கெட்டிக்காரப் பெண் பிள்ளைகள் பலர் எட்டு, ஒன்பது வயதில் தெரியாத மாதிரி நடிக்கவும் தொடங்கிவிடுகிறார்கள்; தோழிகளோடு ஒட்டிக்கொள்ள அது வசதி.

கரும்பலகை:

பள்ளியில் பேசுவதைப் பற்றி மட்டும் சொல்றேன். "என் பிள்ளைக்கு போரடிக்குது"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா பேச்சு அங்கேயே முடிஞ்சுது. 40 பிள்ளைங்களை வெச்சிருக்கிற டீச்சருக்கு அது குற்றச்சாட்டாத்தான் கேட்கும். அதுக்குப் பதிலா ஒரு பாடம், நாலு வாரம், சோதனையாச் செஞ்சு பார்க்கலாமான்னு கேளுங்க.

செய்ய வேண்டியது இதுதான். புதுப் பாடம் தொடங்கறதுக்கு முன்னாடி, பயிற்சியோட கடைசியில இருக்கிற கஷ்டமான 5 கணக்கை முதல்லயே கொடுக்கணும். 4 சரியாப் போட்டா மீதிப் பயிற்சி தேவையில்லை. அந்த நேரத்துக்கு ஒரு அட்டைப்பெட்டி புதிர், ஒரு புத்தகம், ஒரு சின்ன ஆய்வு, எதாவது ஒண்ணு மேசையில தயாரா இருக்கணும். தயார் பண்ற வேலையை நீங்களே ஏத்துக்கிட்டா டீச்சர் பெரும்பாலும் மறுக்க மாட்டாங்க. 4-க்குக் கீழே வந்தா மத்த பிள்ளைங்களோட உட்கார வேண்டியதுதான். அதையும் முதல்லயே பிள்ளைகிட்டச் சொல்லிடுங்க.

கெடுவது ரெண்டு இடத்துல. ஒண்ணு, சீக்கிரம் முடிச்ச பிள்ளைக்கு அதே மாதிரி இன்னும் 20 கணக்கு கொடுக்கிறது. மூணே நாள்ல அது மெதுவாப் போடக் கத்துக்கும். கெட்டிக்காரத்தனத்துக்குத் தண்டனைன்னா யாருக்கு வேகம் வரும்? இன்னொண்ணு, தினமும் அதை 'குட்டி டீச்சர்' ஆக்கி மத்தவங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவைன்னா சரி. தினமும்னா அந்தப் பிள்ளை புதுசா ஒண்ணும் கத்துக்கலைன்னு அர்த்தம்.

அரசுப் பள்ளிப் பெற்றோர் யாராவது படிச்சா: 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலை இருக்கு. பிள்ளை மலர்ல இருக்குன்னா வகுப்புக்கு உரிய அளவு வந்தாச்சுன்னு பொருள். அதுக்கு மேல எவ்வளவு போகும்னு அது சொல்லாது. கூரை அங்கேயே முடியுது.

டபுள் புரமோஷன் பத்தி எனக்குத் தயக்கம் உண்டு. மூணாம் வகுப்போட வருடக் கடைசி வினாத்தாளை, கணக்கும் மொழியும், இப்பவே பிள்ளைகிட்டக் கொடுத்துப் பாருங்க. கணக்குல மட்டும் தாண்டினா, அந்தப் பீரியடுக்கு மட்டும் மூணாம் வகுப்புல உட்காரவைக்கக் கேளுங்க. ரெண்டு வகுப்புக்கும் கணக்குப் பீரியட் ஒரே நேரத்துல இருந்தாத்தான் அது நடக்கும். எழுத்துல இழுக்கிற பிள்ளையைத் தாண்ட விட்டா, அங்க எழுத்து வேலை ரெட்டிப்பு. பின்னாடி வர்றதையும் கணக்குப் போடுங்க. நீட் எழுத, சேர்க்கை வருடம் டிசம்பர் 31-க்குள்ள 17 வயசு முடிஞ்சிருக்கணும். அஞ்சு வயசு நிரம்பின கையோட ஒண்ணாம் வகுப்புல சேர்ந்த பிள்ளை ஒரு வகுப்பு தாண்டினா, பன்னிரண்டாம் வகுப்பு முடிச்சிட்டு ஒரு வருடம் காத்திருக்கணும்.

அளவுகோல்:

கரும்பலகை சொன்னதில் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். கையெழுத்தை வைத்து வகுப்புத் தாண்டலை மறுக்கக் கூடாது. யோசனை 10 வயதுக்குரியதாகவும் விரல் தசை 6 வயதுக்குரியதாகவும் இருப்பது இந்தப் பிள்ளைகளிடம் சாதாரணம். தாண்டிய பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகள், பிள்ளையைச் சரியாகத் தேர்ந்தெடுத்த இடங்களில், பெரும்பாலும் சாதகமாகவே இருக்கின்றன. ஆனால் பிள்ளைக்கே விருப்பம் இல்லையென்றால் பேச்சுக்கே இடமில்லை.

டெஸ்ட் விஷயம். முடிவு எதுவும் அதை நம்பி இல்லையென்றால் 7 வயதில் எடுக்க வேண்டாம். வகுப்புத் தாண்டல், அல்லது கற்றல் குறைபாடு குறித்த சந்தேகம், இரண்டில் ஒன்று இருந்தால் எடுக்கலாம். எடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த டெஸ்ட், அதன் அளவீடு (எந்தப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறார்களோ அந்த அட்டவணை) எந்த வருடத்தது, எந்த மொழியில் நடக்கும்? வெக்ஸ்லர் சிறுவர் சோதனை 6 முதல் 16 வயது வரைக்கு உரியது. சராசரி 100, 130-க்கு மேல் வருபவர்கள் ஏறக்குறைய நூற்றில் இருவர். நம்மூரில் பினே–காமத், மாலின் சோதனைகளும் புழக்கத்தில் உண்டு. அவற்றின் அளவீடு பல பத்தாண்டு பழையது. பழைய அளவீட்டில் இன்றைய பிள்ளைகளுக்கு மதிப்பெண் உப்பித் தெரியும். 145 என்று அட்டை வாங்கி வந்து ஃபிரேம் போடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் மட்டும் நடத்தினால், மொழிப் பகுதியில் தலைகீழாகக் குறைந்து வரும்.

மொத்த எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். உட்பிரிவு எண்களைக் கேளுங்கள். தர்க்கப் பகுதி 135, எழுதும் வேகம் சார்ந்த பகுதி 95 என்று வந்தால் மொத்தம் நடுவில் எங்கேயோ நிற்கும். அந்த எண் பிள்ளையின் எந்தப் பக்கத்தையும் காட்டாது. உங்கள் பெண்ணிடம் பார்க்க வேண்டியதே இந்த இடைவெளிதான். வாயால் சொல்லும் பதிலும் எழுதும் பதிலும் மலைக்கும் மடுவுக்குமாக இருந்தால், மீத்திறனும் எழுத்துக் குறைபாடும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து இருக்கலாம். ஒன்று மற்றதை மறைத்துவிடும். எதற்கும் முன்னால் கண், காது பரிசோதனை. "அடங்க மாட்டேன் என்கிறாள்" என்பதற்கு உடனே ஏடிஹெச்டி (கவனக்குறைவும் மிகைச்செயல்பாடும்) என்று பெயர் வைப்பவர்களும் உண்டு. அதற்கு, பள்ளி மட்டும் அல்ல, குறைந்தது இரண்டு இடங்களில் அறிகுறி தெரிய வேண்டும். ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். பிடித்த வேலையில் ஒரு மணி நேரம் ஆடாமல் உட்காருகிறாளா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஆனால் அதை வைத்து மட்டும் ஏடிஹெச்டி இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது.

டெஸ்ட் தவறவிடும் என்பதற்குப் பழைய கதை ஒன்று. 1920-களில் கலிஃபோர்னியாவில் டெர்மன் என்ற உளவியலாளர் ஐக்யூவை வைத்து மேதைக் குழந்தைகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் அளவுகோலில் தேறாமல் வெளியே போன இரண்டு சிறுவர்கள் ஷாக்லியும் ஆல்வரெஸும். இருவருக்கும் பின்னாளில் இயற்பியல் நோபல் கிடைத்தது.

தெம்பனீஸ்_தாத்தா:

சிங்கப்பூரிலிருந்து ஒரு வரி. இங்கே 1984 முதல் மூன்றாம் வகுப்பில் தேர்வு வைத்து மீத்திறன் மாணவர்களைத் தனி வகுப்பில் சேர்த்தார்கள். பெற்றோர்கள் அந்தத் தேர்வுக்கே டியூஷன் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். 2024-இல் அப்போதைய வடிவத்தை நிறுத்துவதாகவும், ஒவ்வொரு தொடக்கப்பள்ளியும் தன் பிள்ளைகளுக்கு உள்ளேயே திட்டம் நடத்தும் என்றும் அறிவித்தார்கள்.

சேலம்_அம்மா:

எல்லாருக்கும் நன்றி. கண், காது ரெண்டும் இந்த வாரமே பார்த்துடறேன். வீட்டுல தினமும் என்ன செய்யறதுன்னும், அபாகஸ் பத்தியும் யாராவது சொல்லுங்களேன்.

இடைப்புள்ளி:

அபாகஸ் கெட்டது இல்லை அக்கா, ஆனா அது ஒரு செய்முறையை வேகமாச் செய்யற பயிற்சி. ஏற்கெனவே வேகமா இருக்கிற பிள்ளைக்கு இன்னும் வேகம் எதுக்கு? ஒரே விஷயத்துல ஆழமா இறங்கற மாதிரி கொடுங்க. காசும் ஆகாது.

கோலத்துலயே தொடங்கலாம். இடைப்புள்ளி வெச்சு 7-ல் ஆரம்பிச்சு 4-ல் முடிக்கிற கோலம்: 4, 5, 6, 7, 6, 5, 4. மொத்தம் எத்தனை புள்ளி? 37. சின்னதா 5–3 வெச்சா 19, அதைவிடச் சின்னது 3–2, அதுக்கு 7. பெரிசா 9–5 வெச்சா 61. இப்ப "11–6-க்கு எண்ணாமச் சொல்லு"ன்னு கேட்டுட்டு நீங்க சமையலுக்குப் போயிடுங்க. வித்தியாசம் 12, 18, 24ன்னு ஏறுறது தெரிஞ்சா 91ன்னு வந்துடும். ஆறு ஆறா ஏன் ஏறுதுன்னு பிள்ளை கோலத்தைச் சுத்தி விரலை ஓட்ட ஆரம்பிச்சா, அதுதான் நீங்க தேடுறது. நீங்களாச் சொல்லிடாதீங்க. நாலு நாள் ஆகட்டும்.

அடுத்து, மகாராஷ்டிரத்துத் தேவ்லாலிப் பள்ளி ஆசிரியர் கப்ரேக்கர் 1949-ல் சென்னை கணித மாநாட்டில் சொன்ன விளையாட்டு. அவர் காட்டினது நாலு இலக்கத்துக்கு, ரெண்டாம் வகுப்புக்கு ரெண்டு இலக்கம் போதும். 52-ஐ எடுங்க. பெரிய எண்ணா அடுக்கினா 52, சின்னதா அடுக்கினா 25, கழிச்சா 27. அப்புறம் 72 − 27 = 45. 54 − 45 = 09. 90 − 09 = 81. 81 − 18 = 63. 63 − 36 = மறுபடி 27! சுத்திச் சுத்தி ஒன்பதாம் வாய்ப்பாட்டுக்குள்ளயே ஓடும். இங்க தவறு நடக்கிற இடம் அந்த 09. பூஜ்யத்தை விட்டுட்டு வெறும் 9னு எழுதினா 9 − 9 = 0ன்னு ஆட்டம் செத்துடும். மூணு இலக்கத்துல எப்பவும் 495-ல் போய் நிக்கும், நாலு இலக்கத்துல 6174. எல்லா இலக்கமும் ஒண்ணா இருந்தா மட்டும் வராது. வேகமான பிள்ளை பத்து எண் போட்டுக் காட்டி "அடுத்து என்ன?"ன்னு கேட்கும். மீத்திறப் பிள்ளை "மூணு இலக்கத்துல என்ன ஆகும்?"னு நீங்க சொல்றதுக்கு முன்னாடியே கேட்கும்.

வாரத்துக்கு மூணு நாள், 20 நிமிஷம். மீதி நாள் ஆடுபுலி ஆட்டம் போதும்: 3 புலி, 15 ஆடு, முறை வெச்சு ரெண்டு பக்கமும் ஆடணும். தோற்கிறதும் பழகணும், இந்தப் பிள்ளைங்களுக்கு அதுதான் வராது. பள்ளியில எல்லாம் சுலபமா வந்துட்டதால, முதல் தடவை முட்டும்போது "எனக்கு இது தெரியாது, வேண்டாம்"னு தூக்கிப் போட்டுடும். அதனாலதான் "நீ புத்திசாலி"ன்னு சொல்லாதீங்க. அப்படிப் பேர் வாங்கின பிள்ளை அந்தப் பேரைக் காப்பாத்த சுலபமான கணக்காத் தேட ஆரம்பிக்கும். "19 வந்ததும் பக்கத்துல 7-ஐ எழுதிப் பார்த்தியே, அது நல்ல யோசனை"ன்னு செஞ்ச வேலையைச் சொல்லுங்க.

எழுத்துக்கு: பத்து வாக்கியம் எழுதற இடத்துல மூணு எழுதட்டும், மீதியை அவ சொல்ல நீங்க எழுதிக் கொடுங்க. டீச்சர்கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சுக்கோங்க. ராத்திரி ஒன்பதரைக்கு மேல புதிரை நீட்டாதீங்க; 6 முதல் 12 வயசுப் பிள்ளைக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேணும், இதுங்க மூளை ஒரு தடவை பிடிச்சா விடாது.

சேலம்_அம்மா:

7–4 கோலம் வாசல்ல போட்டாச்சு. 37ன்னு எண்ணாமச் சொன்னா. எப்படின்னு கேட்டா "நடுவுல ஒண்ணு, சுத்தி 6, அதைச் சுத்தி 12, அதைச் சுத்தி 18"ங்கிறா. 11–6-க்கு இன்னும் சொல்லல, சாக்பீஸ் கேட்குறா.

மைக்கூடு:

அந்த வாக்கியத்தை அப்படியே நோட்டில் எழுதுங்கள். சாக்பீஸைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுங்கள்.