2020 இ-பாஸ்: மாவட்ட எல்லைகளை மூடியது சரிதானா?

தாம்பரத்தான்:
கொரோனா ஊரடங்கில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் கேட்டதை நல்ல நிர்வாகம் என்று இங்கே ஒருவர் பாராட்டியிருந்தார். என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஜூலையில் திருச்சியில் அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. மருத்துவர் கடிதத்தோடு இரண்டு முறை விண்ணப்பித்தேன். இரண்டும் நிராகரிப்பு. மூன்றாவது விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் 'இறப்பு' என்று போட்டேன். அன்று மாலையே பாஸ் வந்துவிட்டது.

அரியலூர் செவிலி:
படிக்கவே மனசு கனக்கிறது சார். ஆனாலும் எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மே 5 அன்று கோயம்பேடு சந்தையை மூடினார்கள். அங்கே வேலை செய்தவர்கள் ஊர் திரும்பியதும் அரியலூர், கடலூர், விழுப்புரம் மூன்றிலும் தொற்று மளமளவென ஏறியது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வென்டிலேட்டருக்கு எங்கே போவது? பாஸ் எடுத்து வந்தவர் யார், எந்தத் தெரு என்று எங்களுக்குத் தெரியும். வீடு தேடிப் போய்ச் சளி மாதிரி எடுத்தோம்.

தாம்பரத்தான்:
சரி, கோயம்பேட்டையே எடுத்துக்கொள்வோம். அப்போதும் பாஸ் முறை இருந்ததே? காய்கறி லாரியில் ஏறிப் போனவர்களை அது தடுக்கவில்லை. ஜூன் 19 முதல் சென்னைக்கும் சுற்றியுள்ள மாவட்டங்களுக்கும் முழு ஊரடங்கு என்றதும், மூட்டை முடிச்சோடு பைக்கில் கிளம்பியவர்கள் எத்தனை பேர்! போலி பாஸ் விற்றதாகக் கைதுகளும் நடந்தன. முறையாகக் கேட்டுவிட்டுக் காத்திருந்தவன்தான் மாட்டிக்கொண்டான்.

கால்டாக்சிக்காரன்:
ஆகஸ்ட் 17 முதல் ஆதாரும் போன் நம்பரும் கொடுத்தால் உடனே பாஸ் என்றார்கள். செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் பாஸே வேண்டாம் என்றார்கள். அதுவரை வெளியூர் சவாரி கிடையாது. வண்டித் தவணையைத் தள்ளிவைத்தாலும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது.

அரியலூர் செவிலி:
ஓட்டை இருந்தது உண்மை. அதற்காக எல்லையை மொத்தமாகத் திறந்துவிட்டிருந்தால் நாங்கள் தாங்கியிருக்க மாட்டோம். படுக்கைகளைக் கூட்டவும் ஆட்களைப் பழக்கவும் எங்களுக்குக் கிடைத்த அவகாசம் அதனால்தான் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் சார், உங்கள் விஷயத்தில் நடந்தது தவறு. மருத்துவர் கொடுத்த கடிதத்தை இன்னொரு மருத்துவர் படித்து முடிவு செய்திருக்க வேண்டும்.

தாம்பரத்தான்:
நானும் அதைத்தான் கேட்கிறேன். ஊருக்குள் கால் வைக்க மாட்டேன், ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடுகிறேன் என்று இரண்டாவது விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன்.