தேரிச் செம்மண் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாகிறது, எப்படிப் பிரிப்பது?

பனங்காடு கேட்டது:
திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழித் தேரியில் (செம்மணல் மேட்டில்) காலை 7 மணி வாக்கில் எடுத்த படங்கள். கலரில் செம்மணல், நீல வானம், பச்சைப் பனை மூன்றும் பளிச்சென்று தனித்தனியாக நிற்கின்றன. கறுப்பு வெள்ளைக்கு மாற்றியதும் மூன்றும் ஒரே சாம்பலில் கரைந்துவிடுகின்றன. கான்ட்ராஸ்டைக் கூட்டினால் மணல்மேட்டின் வெயில் பக்கம் வெளுக்கிறது, நிழல் கரியாகிறது, மரம் மட்டும் பிரிய மாட்டேன் என்கிறது. 24 மி.மீ. லென்ஸ், எஃப் 11, ஐஎஸ்ஓ 100, ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாமல் சேமிப்பது), படம் திருத்த லைட்ரூம் மென்பொருள். சிவப்பு ஃபில்டர் வாங்கி மாட்டினால் சரியாகுமா?

சாம்பல்மேடு:
ஃபில்டர் வாங்க வேண்டாம், காசு மிச்சம். செம்மணலும் பச்சை ஓலையும் நிறத்தில்தான் வேறு, வெளிச்ச அளவில் ஏறக்குறைய ஒன்று. நிறத்தை உருவிவிட்டால் வேறுபாடும் கூடவே போய்விடும். கான்ட்ராஸ்ட் இருக்கிற வேறுபாட்டைப் பெருக்குமே தவிர, இல்லாததை உண்டாக்காது. பிரிக்கிற வேலையை நிறம் கையில் இருக்கும்போதே செய்ய வேண்டும்.

லைட்ரூமில் சாச்சுரேஷனைப் பூஜ்யமாக்காமல் பிளாக் அண்ட் ஒயிட் மிக்ஸருக்குப் போங்கள், ஒவ்வொரு நிறமும் சாம்பலில் எவ்வளவு வெளுக்கும் அல்லது இருளும் என்பதை அங்கே தனித்தனி ஸ்லைடரில் மாற்றலாம். தேரி மணலின் நிறம் இரும்பு ஆக்சைடிலிருந்து வருவது. கண்ணுக்குச் சிவப்பு, ஸ்லைடருக்குப் பெரும்பாலும் ஆரஞ்சு. ஆரஞ்சை +35, சிவப்பை +20 என்று தொடங்கிப் பாருங்கள். நீலம் −25. ஓலைக்குப் பச்சை ஸ்லைடரை இழுத்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று பலரும் குழம்புவார்கள். வெயில் பட்ட இலையில் மஞ்சள்தான் அதிகம். மஞ்சளை −15க்குக் கொண்டுபோனால் ஓலை இறங்கும். அதிலேயே காய்ந்த ஓலையும் புல்லும் சேர்ந்து இறங்கும் என்பதால் அளவோடு.

லென்ஸில் சிவப்புக் கண்ணாடி ஏன் வேண்டாம் என்றால், கலர் சென்சாரில் நாலில் ஒரு பிக்சல்தான் சிவப்புக்கு. அடர்சிவப்பு 25ஆம் எண் கண்ணாடி போட்டால் மற்ற மூன்று பங்கும் கிட்டத்தட்ட வெறுமனே கிடக்கும், நுணுக்கம் குறையும், 3 ஸ்டாப் வெளிச்சமும் போகும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). கறுப்பு வெள்ளை ஃபிலிமிலோ மோனோக்ரோம் சென்சாரிலோ எடுத்தால் கதை வேறு. அங்கே கண்ணாடிதான் ஒரே வழி.

நிழற்கோடு:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் அந்த வழியில் கடைசிவரை போனால் இந்தப் படத்தில் வேறொரு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். பனையின் தூர் மணலுக்கு எதிரே நிற்கிறது, கொண்டை வானத்துக்கு எதிரே நிற்கிறது. மணல் வெளுத்தால் தூர் நன்றாகத் தெரியும். வானமும் ஓலையும் சேர்ந்து இருண்டால் கொண்டை காணாமல் போகும். வெறும் கம்பம் நட்டதுபோல ஆகிவிடும்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் 1927இல் ஹாஃப் டோம் என்ற பாறை மலையை எடுத்தபோது மஞ்சள் ஃபில்டரை மாற்றி 29ஆம் எண் அடர்சிவப்பைப் போட்டு வானத்தைக் கறுப்பாக்கினார். அது எடுபட்டதற்குக் காரணம், வானத்துக்கு எதிரே இருந்தது வெளிறிய கருங்கல் முகம். இங்கே வானத்துக்கு எதிரே இருப்பது பச்சை. சிவப்பு ஃபில்டருக்கு நீலமும் பச்சையும் இரண்டுமே வேண்டாதவை.

ஆகவே முதலில் எது எதற்கு எதிரே என்று முடிவு பண்ணுங்கள், ஸ்லைடர் அப்புறம். ஜோன் கணக்கில் (0 முழுக் கறுப்பு, 5 நடுச்சாம்பல், 10 முழு வெள்ளை, ஒரு ஜோனுக்கு ஒரு ஸ்டாப்) சொன்னால் வெயில் மணல் 6 அல்லது 7, வானம் 4 முதல் 5, ஓலை 2 முதல் 3. வானத்துக்கும் ஓலைக்கும் நடுவே ஒன்றரை ஜோனாவது இடைவெளி விடுங்கள். கொண்டைக்குப் பின்னால் வெண்மேகம் வரும்வரை காத்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

இரண்டாவது, எக்ஸ்போஷர். ஒரு சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை வெயில் மணலில் வைத்தால் கேமரா அதை நடுச்சாம்பலாக்கும். அதிலிருந்து 1 ஸ்டாப் கூட்டினால் ஜோன் 6. உடனே ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பாருங்கள், ஆனால் மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டுவதைப் பாருங்கள். செம்மணலில் சிவப்பு சேனல் (சிவப்புக்கான தனிப் பதிவு)தான் முதலில் வலது ஓரத்தில் முட்டும். ஒற்றை வெள்ளை வரைபடத்தில் இன்னும் இடம் இருப்பதுபோலவே தெரியும். சிவப்பு முட்டிவிட்டால் மணலில் காற்று கீறிய வரிகள் அழிந்து சாந்து பூசிய சுவர் மாதிரி ஆகிவிடும், அப்புறம் ஆரஞ்சு ஸ்லைடரை எந்தப் பக்கம் இழுத்தும் பயனில்லை.

அந்த வரிகளுக்கு உயிர் கொடுப்பது பக்கவாட்டு வெயில். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நிழல் எல்லாம் மணலுக்குப் பின்னே ஒளிந்துகொள்ளும். உதித்து ஒன்றரை மணி நேரத்துக்குள், வடக்கையோ தெற்கையோ பார்த்து நின்று எடுங்கள். நிழலுக்குள் விழும் வெளிச்சம் நீல வானத்திலிருந்து வருவது, அதில் சிவப்பு குறைவு. அதனால் சிவப்பு சேனலில் வரிகளின் நிழல் மற்ற சேனல்களைவிட ஆழமாக இருக்கும். டார்க்டேபிள் என்ற இன்னொரு மென்பொருளில் சேனல்களையே நேரடியாகக் கலக்கலாம் என்பதால் இந்த வகைப் படத்துக்கு லைட்ரூமைவிட அது எனக்கு உவப்பு.

பனங்காடு:
மிக்ஸரில் மணல் பிரிந்துவிட்டது, நன்றி. நீலத்தை −60 வரை இறக்கினேன். இப்போது ஓலை விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு, வானத்தில் குருணை. அடிவானம் மட்டும் அசையாமல் வெள்ளையாகவே நிற்கிறது. வானத்தை இருட்டாக்கும் போலரைசர் ஃபில்டர் உதவுமா?

சாம்பல்மேடு:
−60 அதிகம். நீல சேனலில் உள்ள இரைச்சல் அத்தனையும் அந்த இழுப்பில் மேலே வரும். விளிம்புக் கோடு வருவது, அந்தப் பிக்சல்களில் பாதி ஓலை, பாதி வானம் என்பதால். நீல ஸ்லைடர் அவற்றைத் தொடாது, பக்கத்து வானம் மட்டும் இருளும். நிறப்பிசிறு நீக்கும் பெட்டியை முதலில் டிக் செய்யுங்கள், கலர் இரைச்சலைக் குறையுங்கள், நீலத்தை −30இல் நிறுத்துங்கள். மிச்ச இருட்டை, வானத்தை மட்டும் தேர்ந்தெடுக்கும் மாஸ்க்கில் எக்ஸ்போஷர் −0.5 என்று இறக்கினால் போதும். ஷார்ப்பனிங் கடைசியில்.

அடிவானத்துக்கு எந்த ஸ்லைடரும் மருந்தில்லை. கடலோரக் காற்றின் ஈரமும் உப்பும் எல்லா நிறத்தையும் ஒரேபோலச் சிதறடிப்பதால் அங்கே நீலமே இல்லை. கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள். மேட்டின் முகடு உயர்ந்து அந்த வெள்ளைப் பட்டையை மறைத்துவிடும், வானம் நீலமுள்ள பகுதியிலிருந்து தொடங்கும். போலரைசர் 24 மி.மீ. போன்ற அகல லென்ஸில் வானத்தின் ஒரு பக்கத்தை மட்டும் திட்டாக இருட்டாக்கும், கறுப்பு வெள்ளையில் அந்தத் திட்டு இன்னும் அசிங்கமாகத் தெரியும். 50 மி.மீ.க்கு மேல் என்றால் போடலாம்.

நிழற்கோடு:
ஒரு சோதனை: படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். மணல், வானம், மரம் என்று மூன்று திட்டுகளாகத் தெரிந்தால் டோன் சரி. இரண்டாகத் தெரிந்தால் ஏதோ ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பிரிண்ட் போடுவதாக இருந்தால் மானிட்டர் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள். முழு வெளிச்சத்தில் ஓலை நரம்பு தெரிகிறதே என்று நம்பினால் மேட் காகிதத்தில் அது கரிக்கட்டையாக வரும். கொண்டைப் பகுதியை மட்டும் 4 அங்குலத் துண்டாக ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் ஷேடோவை +10 தூக்கிப் பெரியதைக் கொடுங்கள்.