ஸ்ட்ரோக் வந்து நாலு மாதமாகியும் அப்பாவின் கால் சுற்றிச் சுற்றித்தான் வருகிறது, மெஷினுக்குக் கூட்டிப் போகணுமா?

பால்வெட்டுக்காரர் மகன், குலசேகரம்:
அப்பாவுக்கு 61 வயது, ரப்பர் பால்வெட்டு. ஸ்ட்ரோக்கில் இடது பக்கம் விழுந்துவிட்டது. முதலில் உட்காரவே ஆள் பிடிக்கணும், இப்போது என் தோளைப் பிடித்து முற்றம் வரை வருகிறார். ஆனால் முன்பாதம் தொங்குகிறது, அது தரையில் தட்டாமல் இருக்க இடுப்பைத் தூக்கி, அரிவாள் வீசுகிற மாதிரி காலை வெளியே சுற்றி வைக்கிறார். இடது பக்கக் கதவுநிலையில் வேறு அடிக்கடி இடிக்கிறார். திருவனந்தபுரத்தில் ரோபோ மெஷினில் நடக்க வைப்பார்கள், நிலத்தை அடகு வைத்தாவது போ என்கிறார் சித்தப்பா. வர்ம வைத்திய ஆசானிடம் தடவினால் போதும் என்கிறார் மாமா. பக்கத்து வீட்டுக்காரர், மூன்று மாதத்தில் வந்தது வந்ததுதான், இனி வராது என்று அப்பா காதுபடவே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பயிற்சிக்கு எழவே மாட்டேன் என்கிறார்.

பிசியோ அக்கா, மார்த்தாண்டம்:
பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது தப்பு என்று இன்றைக்கே அப்பாவிடம் சொல்லுங்கள். முதல் ஆறு மாதம் வேகமாகத் தேறும், அப்புறம் மெதுவாகும், அவ்வளவுதான். நிலத்தை அடகு வைக்காதீர்கள். ரோபோ, சொந்தமாக நடக்கவே முடியாதவர்களுக்கு, அதுவும் முதல் மூன்று மாதத்தில்தான் அதிகம் உதவுகிறது. 2011-ல் வெளியான லீப்ஸ் என்ற அமெரிக்க ஆய்வில் 408 பேர் இருந்தார்கள். வாரில் தொங்கவிட்டு ட்ரெட்மில்லில் நடக்க வைத்தவர்களும், வீட்டிலேயே பிசியோ வந்து பலத்துக்கும் சமநிலைக்கும் பயிற்சி கொடுத்தவர்களும் வருடக் கடைசியில் ஒரே அளவுதான் தேறியிருந்தார்கள்.

முன்பாதத்துக்கு ஏஎஃப்ஓ கேளுங்கள், கெண்டைக்காலிலிருந்து உள்ளங்கால் வரை வருகிற பிளாஸ்டிக் தாங்கி. கம்பு வலது கையில், பலருக்கு இது தெரியாமல் சுகமில்லாத பக்கமே பிடிக்க வைக்கிறார்கள். நீங்கள் தோளைக் கொடுக்காமல் அவருக்கு இடது பக்கம், அரையடி பின்னால் நின்று இடுப்பு பெல்ட்டைப் பிடியுங்கள். இடது கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது, தோள்மூட்டு இறங்கிவிடும். ஆசானிடமும் இதையே சொல்லுங்கள், மெதுவாகத் தடவுவதில் தப்பில்லை, தோளை இழுத்து முறுக்கினால்தான் வம்பு. கதவில் இடிப்பது, மூளை இடது பக்கத்தைக் கவனிக்காமல் விடுவதாக இருக்கலாம். டீ டம்ளரை இடது பக்கம் வைத்து அவரையே தேடி எடுக்கச் சொல்லுங்கள்.

குளச்சல்காரன்:
மக்கா, எனக்கு வந்து இரண்டு வருடம். பயிற்சி என்று சொன்னாலே எனக்கு எரிச்சல் வரும், கோயில் வரைக்கும் போய்ட்டு வாங்க என்றால் போவேன். உங்க அப்பாவையும் காலை தூக்கு, காலை மடக்கு என்று சொல்லாமல், முதல் வரிசை மரத்தில் பால் பிடிக்கிற சிரட்டை சரியாக இருக்கிறதா பார்த்து வரச் சொல்லுங்க, சரிவில் வேண்டாம், சமதரையில் இருக்கும் மரம் போதும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது சுகமில்லாத கால் முதலில். நான் இதை மாற்றிச் செய்து வீட்டு நடைப்படியில் உருண்டேன். ஹவாய் செருப்பைத் தூக்கி எறிந்துவிடுங்க, நம்ம ஊர் மழையில் டைல்ஸ் தரையில் அது எமன்.

தக்கலை வாசி:
அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வருவார்கள், காசு கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். எழ மாட்டேன் என்பதையும் டாக்டரிடம் சொல்லணும், ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் மனச்சோர்வு நிறைய பேருக்கு வரும், அதற்கு மருந்து இருக்கிறது. பிரஷர் மாத்திரையை மட்டும் ஒரு நாள்கூட விடாதீர்கள்.

பால்வெட்டுக்காரர் மகன், குலசேகரம்:
நன்றி அக்கா, அண்ணாச்சி. டீயை இடது பக்கம் வைத்தேன், எங்கடா டீ என்று பத்து நிமிடம் திட்டிவிட்டு எடுத்துக் குடித்தார். சிரட்டை பார்க்க இன்று இரண்டு தடவை போனார், மூன்று சிரட்டை கோணலாம். திங்கட்கிழமை ஏஎஃப்ஓவுக்கு அளவெடுக்கப் போகிறோம், செருப்பும் அன்றைக்கே வாங்கிவிடலாமா?

பிசியோ அக்கா, மார்த்தாண்டம்:
வேண்டாம். தாங்கி கைக்கு வந்ததும் அதை மாட்டிக்கொண்டே கடைக்குப் போங்கள், வழக்கத்தைவிட ஒரு அளவு பெரிதாக வேண்டியிருக்கும். பின்பட்டி வைத்ததாகப் பாருங்கள்.