உதவி: ஹப்ஸ்பாட் வெப்ஹூக் என் லேப்டாப்பில் 401 காட்டுகிறது, நாளை டெமோ

நூல்கண்டு24 · செவ்வாய், இரவு 10:42
வணக்கம். ஹப்ஸ்பாட்டின் (வாடிக்கையாளர் விவரங்களை வைக்கும் மென்பொருள்) வெப்ஹூக்கை, அதாவது அங்கே ஏதாவது மாறினால் அது என் கோடுக்குத் தானாக அனுப்பும் செய்தியை, டெஸ்ட் செய்துகொண்டிருக்கிறேன். காண்டாக்ட்டை (வாடிக்கையாளர் பதிவு) மாற்றினால் ரிக்வெஸ்ட் வந்து சேர்கிறது, ஆனால் எல்லாவற்றுக்கும் 401 (அனுமதி இல்லை என்ற பதில்). ரிக்வெஸ்ட் ஹப்ஸ்பாட்டிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் கையொப்பத்தைச் சோதிக்க உதவும் சீக்ரெட்டை (ரகசியச் சாவி) நான்கு முறை சரிபார்த்துவிட்டேன். மாலை ஆறு மணியிலிருந்து இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன். நாளை காலை 11 மணிக்கு மேனேஜரிடம் காட்ட வேண்டும். யாராவது உதவுங்கள், அவசரம்.

நெல்லை_நிரலர் · 10:49
எந்த மொழி, எந்த ஃப்ரேம்வொர்க்? லேப்டாப் வரைக்கும் வருகிறது என்றால் நடுவில் ஒரு டனல் (இணையத்திலிருந்து லேப்டாப்புக்கு வழி திறக்கும் சேவை) இருக்க வேண்டும், அது எது? 401 கொடுப்பது உங்கள் கோடா, டனலா? இதெல்லாம் தெரிந்தால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

மாறன்_மேக் · 10:53
மேக்கில் போர்ட் 5000-இல் ஓட்டுகிறீர்களா? மேக்ஓஎஸ் மான்டரே வந்ததிலிருந்து ஏர்ப்ளே ரிசீவர் என்ற மேக்கின் வசதி அந்தப் போர்ட்டில் உட்கார்ந்துகொள்கிறது. ஃபிளாஸ்க்குக்கு (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்) போகிறது என்று நாம் நினைக்கும் ரிக்வெஸ்ட் அதனிடம் போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்கு இதில் போனது. 5001-க்கு மாற்றிப் பாருங்கள்.

நெல்லை_நிரலர் · 10:56
ஏர்ப்ளே என்றால் 403 வரும், மாறன். இவருக்கு 401.

மாறன்_மேக் · 10:57
சரி, இருந்தாலும் போர்ட்டை ஒருமுறை பார்த்துவிடட்டும். எனக்கு அன்றைக்கு யாருமே அதைச் சொல்லவில்லை.

பழையகணினி · 11:02
இதே மாதிரிக் கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பதற்கு முன் ஆவணத்தைப் படிக்க வேண்டும். கையொப்பத்தின் மூன்றாம் பதிப்பை எப்படிச் சரிபார்ப்பது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. மெத்தட், முழு யூஆர்எல் (முகவரி), பாடி (ரிக்வெஸ்டின் உள்ளடக்கம்), டைம்ஸ்டாம்ப் (அனுப்பிய நேரம்), நான்கையும் அதே வரிசையில் ஒட்டி, ஆப்பின் கிளையன்ட் சீக்ரெட்டை வைத்து எச்மேக் ஷா-256 ஹாஷ் (கைரேகை போன்ற ஒரு மதிப்பு) எடுத்து, பேஸ்64 எழுத்துகளாக மாற்ற வேண்டும். நீங்கள் பாடியை ஜேசனாக (ஒரு தரவு வடிவம்) பிரித்து மறுபடியும் சரமாக்கியிருப்பீர்கள். புதிதாக வருபவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஒரே ஒரு இடைவெளி மாறினாலும் ஹாஷ் முழுக்க மாறிவிடும். அடிப்படை தெரியாமல் வாடிக்கையாளர் விவரங்களில் கை வைப்பது நல்லதல்ல.

நூல்கண்டு24 · 11:10
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதாமல் விட்டுவிட்டேன். பைத்தான், ஃபிளாஸ்க். விண்டோஸ் 11, உள்ளே டபிள்யூஎஸ்எல்2 (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்). டனல் என்கிராக், இலவசக் கணக்கு. 401 என் கோடுதான் கொடுக்கிறது, கையொப்பம் பொருந்தாவிட்டால் அதைத் திருப்பச் சொல்லி நான்தான் எழுதினேன். பாடியைப் பிரிக்கவில்லை ஐயா, வந்த பைட்டுகளை அப்படியே எடுக்கிறேன். ஆவணத்தையும் இரண்டு முறை படித்துவிட்டேன்.

வைகைக்கரை · 11:14
டபிள்யூஎஸ்எல்2 என்றால் எனக்குக் கடிகாரத்தின் மேல்தான் சந்தேகம். லேப்டாப்பை மூடித் திறந்தால் உள்ளே ஓடும் லினக்ஸின் நேரம் பின்தங்கிவிடுவது உண்டு. டைம்ஸ்டாம்ப் 5 நிமிடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் நிராகரிக்கச் சொல்கிறது ஆவணம். அங்கே நேரம் என்ன காட்டுகிறது? இன்னொன்று, ஹப்ஸ்பாட் தருவது மில்லிசெகண்ட், பைத்தான் தருவது செகண்ட். 1000-ஆல் பெருக்கினீர்களா?

நெல்லை_நிரலர் · 11:17
கடிகாரம் பின்தங்கினால் வந்த ரிக்வெஸ்ட் எதிர்காலத்திலிருந்து வந்ததுபோல் அல்லவா தெரியும்? பழையது என்று ஆகாதே. முன்பின் இரண்டு பக்கமும் சோதித்தால்தான் அது மாட்டும். சீக்ரெட் விஷயமும் ஒன்று கேட்கிறேன் தம்பி: கிளையன்ட் சீக்ரெட்டா, ஆக்சஸ் டோக்கனா? இரண்டும் ஆப் செட்டிங்கிலேயே கிடைப்பதால் பலர் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

நூல்கண்டு24 · 11:20
நேரம் சரியாக இருக்கிறது, பெருக்கியும் இருக்கிறேன். கிளையன்ட் சீக்ரெட்தான்.

தேன்சிட்டு · 11:26
யூஆர்எல்லை எங்கிருந்து எடுக்கிறீர்கள்? ஃபிளாஸ்க்கின் ரிக்வெஸ்ட் யூஆர்எல்லையே பயன்படுத்தினால், ஹாஷ் எடுப்பதற்கு முந்தைய வரியில் அதைப் பிரிண்ட் செய்து பாருங்கள். எச்டிடிபி என்று தொடங்கும் என்று நினைக்கிறேன்.

ஹப்ஸ்பாட்டில் நீங்கள் கொடுத்திருப்பது என்கிராக்கின் எச்டிடிபிஎஸ் முகவரி. கையொப்பம் போடும்போது அந்த முகவரியைத்தான் அது ஒட்டுகிறது. ஆனால் எச்டிடிபிஎஸ் தரும் மறையாக்கம் என்கிராக்கோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து உங்கள் லேப்டாப்புக்கு வருவது சாதாரண எச்டிடிபி. ஃபிளாஸ்க் தன்னிடம் வந்ததை மட்டும் பார்த்து எச்டிடிபி என்று முகவரியைக் கட்டுகிறது. ஒரே ஒரு 'எஸ்' குறைகிறது. சீக்ரெட்டை எத்தனை முறை பார்த்தாலும் இது கண்ணில் படாது.

ஃபிளாஸ்க்குக்கு அடியில் இருக்கும் வெர்க்சூக் நூலகத்தில் ப்ராக்ஸிஃபிக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதை எக்ஸ்_ப்ரோட்டோ 1 என்று வைத்து ஆப்பின் மேல் போர்த்திவிட்டால், என்கிராக் அனுப்பும் ஃபார்வர்டட்-ப்ரோட்டோ ஹெடரை (ரிக்வெஸ்டோடு வரும் குறிப்பு) படித்து எச்டிடிபிஎஸ் என்று புரிந்துகொள்ளும். ஹோஸ்ட் ஹெடரை மாற்றும் ஆப்ஷனுடன் என்கிராக்கை ஓட்டினால் ஹோஸ்ட் பெயரும் லோக்கல்ஹோஸ்ட் ஆகிவிடும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெல்லை_நிரலர் · 11:31
இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ப்ராக்ஸிஃபிக்ஸை விட, வெளி முகவரியைக் கான்ஃபிகில் எழுதி அதை வைத்தே ஹாஷ் எடுப்பது எனக்குப் பிடிக்கும். முன்னால் ப்ராக்ஸி (என்கிராக் போல நடுவில் நிற்கும் சர்வர்) இல்லாத சர்வரிலும் ப்ராக்ஸிஃபிக்ஸ் தவறிப் போய் ஓடினால், யார் வேண்டுமானாலும் அந்த ஹெடரைப் பொய்யாக எழுதி அனுப்பலாம்.

தறி_ஓசை · 11:33
நாளைக்கு டெமோ என்கிறார், ராத்திரி பதினொன்றரை ஆகிறது. லோக்கலில் சரிபார்ப்பை அணைத்துவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பழைய முதல் பதிப்புக் கையொப்பம் இருக்கிறதே, அதில் சீக்ரெட்டும் பாடியும் மட்டும்தான். யூஆர்எல் பிரச்சினையே வராது.

பழையகணினி · 11:37
இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். முதல் பதிப்பில் நேரம் சேரவில்லை. ஒருமுறை ஒட்டுக்கேட்டவன் அதே ரிக்வெஸ்டை அடுத்த மாதமும் அனுப்பலாம், உங்கள் கோடு ஏற்றுக்கொள்ளும். அணைப்பது அதைவிட மோசம். என்கிராக் முகவரி உலகம் முழுவதும் திறந்த கதவு. லோக்கலுக்கு என்று போட்ட 'இஃப்' வரி அப்படியே ப்ரொடக்‌ஷனுக்குப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தறி_ஓசை · 11:40
அதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் கதவைப் பற்றிப் பேசுகிறீர்களே, டனலைப் பற்றி ஏன் யாரும் கேட்கவில்லை? எச்டிடிபிஎஸ் நடுவில் பிரிகிறது என்று தேன்சிட்டு இப்போதுதான் சொன்னார். அப்படியென்றால் வாடிக்கையாளரின் தொலைபேசி எண் மூன்றாவது ஒரு கம்பெனியின் சர்வரில் திறந்த நிலையில் கடந்து போகிறது. நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இலேயே வந்துவிட்டது.

வைகைக்கரை · 11:44
முழு காண்டாக்ட்டும் போவதில்லை. புதிதாகச் சேர்த்தால் அதன் ஐடி வரும், பெயரோ எண்ணோ வராது. ஒரு விவரம் மாறினால் அந்த விவரத்தின் பெயரும் புது மதிப்பும் வரும்.

தறி_ஓசை · 11:46
மாறியது தொலைபேசி எண் என்றால் அந்தப் புது மதிப்பு தொலைபேசி எண்தானே?

வைகைக்கரை · 11:47
சரி, ஒத்துக்கொள்கிறேன்.

தேன்சிட்டு · 11:50
அதற்காகத்தான் டெவலப்பர் டெஸ்ட் அக்கவுன்ட் தருகிறார்கள். இல்லாத ஆட்களின் பெயரில் நான்கு காண்டாக்ட் போட்டு அதில் சோதித்தால் இந்தக் கவலையே வேண்டாம். நூல்கண்டு, பிரிண்ட் செய்தீர்களா?

நூல்கண்டு24 · 11:58
எச்டிடிபி என்றுதான் வந்தது அக்கா! ப்ராக்ஸிஃபிக்ஸ் போட்டேன், இப்போது எச்டிடிபிஎஸ் என்று காட்டுகிறது. ஆனால் இன்னும் 401.

பழையகணினி · நள்ளிரவு 12:01
பாடியை எடுக்கும் வரியை இங்கே ஒட்டுங்கள்.

தேன்சிட்டு · 12:03
இப்போது எப்படிச் சோதித்தீர்கள்? ஹப்ஸ்பாட்டில் போய் காண்டாக்ட்டை மாற்றினீர்களா, வந்த ரிக்வெஸ்ட்களைக் காட்டும் என்கிராக்கின் 4040 பக்கத்தில் ரீப்ளே அழுத்தினீர்களா? ரீப்ளே என்றால் பழைய ரிக்வெஸ்ட் பழைய டைம்ஸ்டாம்ப்போடு அப்படியே வரும். 5 நிமிடம் தாண்டியிருந்தால் உங்கள் கோடு அதை நிராகரிப்பதுதான் சரி. இரண்டு நிராகரிப்புக்கும் ஒரே 401 வைத்திருந்தால் எது எது என்று தெரியாது. லாகில் காரணத்தைத் தனித்தனியாக எழுதுங்கள்.

இனிமேல் திரும்பத் திரும்பச் சோதிக்க, வந்த பாடியை ஒரு கோப்பில் சேமித்து, இப்போதைய நேரத்தைச் சேர்த்துத் தானே கையொப்பமிட்டு அனுப்பும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். இருபது வரிக்குள் அடங்கும். இணையம் இல்லாமலும் ஓடும்.

மாறன்_மேக் · 12:15
ஆள் தூங்கிவிட்டார் போல.

வைகைக்கரை · 12:19
காலையில் பார்ப்பார் என்று எழுதிவைக்கிறேன். இரவு முழுக்க 401 கொடுத்திருக்கிறீர்கள், அதனால் ஹப்ஸ்பாட் அவற்றை 24 மணி நேரத்துக்குள் 10 முறை வரை மறுபடி அனுப்பும். டெமோ நடுவில் நேற்றைய நிகழ்வுகள் வந்து விழலாம், பதறாதீர்கள். ஒரே ரிக்வெஸ்டில் 100 நிகழ்வுகள் வரை வரலாம் என்பதால் பாடி எப்போதும் பட்டியலாகத்தான் இருக்கும், முதல் ஒன்றை மட்டும் எடுத்துவிடாதீர்கள். 5 செகண்டுக்குள் பதில் போக வேண்டும். 200 (சரி என்ற பதில்) கொடுத்துவிட்டு வேலையைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

நூல்கண்டு24 · புதன், காலை 9:21
ரீப்ளேதான். புதிதாக மாற்றிப் பார்த்தேன், 200 வந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி, ஆபீஸ் கிளம்புகிறேன்.

தறி_ஓசை · 9:34
மகிழ்ச்சி. டெமோவில் டெஸ்ட் அக்கவுன்ட்டையே காட்டுங்கள்.

பழையகணினி · 9:50
பாடி பற்றி நான் சொன்னது இவருக்குப் பொருந்தவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அடுத்து வருபவர்கள் அதையும் பார்த்துவிடுங்கள்.

கடலோரம் · வெள்ளி, மாலை 4:12
இதே சிக்கல் எனக்கும். நோட் (ஜாவாஸ்கிரிப்ட்), எக்ஸ்பிரஸ் ஃப்ரேம்வொர்க். ப்ரோட்டோகால் என்று கேட்டால் எச்டிடிபி என்றே வருகிறது. ப்ராக்ஸிஃபிக்ஸ் மாதிரி இதில் என்ன இருக்கிறது?

தேன்சிட்டு · 4:40
ட்ரஸ்ட் ப்ராக்ஸி என்ற செட்டிங்கை 1 என்று வையுங்கள். பாடியை எக்ஸ்பிரஸ் ஜேசன் மிடில்வேர் பிரிப்பதற்கு முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். பழையகணினி சொன்னது உங்களுக்குப் பொருந்தும்.