கேத்தரின் கிரஹாம் அந்த நாற்காலியில் இருந்த நாட்கள்: விவரம் தெரிந்தவர்கள் எழுதலாம்

மேசைக்காரன்:
வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை என்றதுமே பேச்சு வாட்டர்கேட்டுக்கும் (1972ல் எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆட்கள் புகுந்து பிடிபட்ட விவகாரம்), அதனால் அமெரிக்க அதிபர் நிக்சன் ராஜினாமா செய்ததற்கும் ஓடிவிடுகிறது. அதன் முதலாளி அம்மா கேத்தரின் கிரஹாம் ஒவ்வொரு கட்டத்திலும் எதைப் பணயம் வைத்தார், முன்னால் இருந்த ஒப்பந்தம் என்ன, உரிமம் என்ன என்று எழுதுங்கள். "இரும்புப் பெண்மணி" வகைப் பாராட்டு வேண்டாம், அது எங்கும் கிடைக்கிறது.

தொடக்கத்தை நான் போட்டுவிடுகிறேன். அப்பா யூஜின் மேயர் 1933 ஜூன் 1 அன்று திவால் ஏலத்தில் 8,25,000 டாலருக்கு எடுத்த பத்திரிகை அது. 1948ல் ஓட்டுரிமைப் பங்குகளைப் பிரித்தபோது மருமகன் ஃபில் கிரஹாமுக்கு 3,500, சொந்த மகள் கேத்தரினுக்கு 1,500. கணவன் மனைவியிடம் வேலை பார்ப்பதுபோல் இருக்கக் கூடாதாம். அந்தக் கணக்கு பின்னால் கடித்தது: மனநோயில் தவித்த ஃபில், விவாகரத்தோடு பத்திரிகையையும் எடுத்துக்கொள்ளப் பார்த்தார், ஓட்டும் அவரிடம்தான் இருந்தது. 1963 ஆகஸ்ட் 3ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். செப்டம்பர் 20ல் கேத்தரின் நிறுவனத் தலைவர். வயது 46. ஆரம்பத்தில் அலுவலகக் கிறிஸ்துமஸ் விருந்தில் வாழ்த்துச் சொல்லவே வீட்டில் ஒத்திகை பார்த்திருக்கிறார்.

பங்குக்கணக்கு:
1971 ஜூனைத் தேதிவாரியாகப் பார்த்தால்தான் புரியும் சார். 13ம் தேதி நியூயார்க் டைம்ஸ் பென்டகன் ஆவணங்களை, அதாவது வியட்நாம் போர் பற்றிய அரசின் ரகசிய ஆய்வை, போடத் தொடங்கியது. 15ல் டைம்ஸுக்கு நீதிமன்றத் தடை. அதே 15ல்தான் போஸ்ட் நிறுவனம் முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்றது, ஒரு பங்கு 26 டாலர். 17 காலையில் போஸ்டின் பென் பாக்டிகியான் பாஸ்டனிலிருந்து ஆவணப் பெட்டியோடு விமானத்தில் வந்தார், பெட்டிக்கும் முதல் வகுப்பில் ஒரு சீட் வாங்கி. நாலாயிரம் பக்கத்துக்கு மேல், வரிசை கலைந்து, பக்க எண் இல்லாமல். டைம்ஸுக்கு அதைப் படிக்க மூன்று மாதம் கிடைத்தது. போஸ்டுக்கு ஒரே பகல்.

ஆசிரியர் பென் பிராட்லீ வீட்டில் ஓர் அறையில் நிருபர்கள் தட்டச்சு செய்கிறார்கள், இன்னோர் அறையில் வக்கீல்கள் "வேண்டாம்" என்கிறார்கள். கிரஹாம் தன் வீட்டில், ஓய்வுபெறும் மேலாளருக்கான விருந்தில். தொலைபேசியில் முடிவு கேட்கிறார்கள்.

பணயம் இரண்டு. பங்கு விற்றுத் தரும் தரகு நிறுவனங்களுடன் போட்ட ஒப்பந்தத்தில், பெரிய விபரீதம் நடந்தால் அவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து. விற்பனைக் கணக்கு இன்னும் முடிந்திருக்கவில்லை. அடுத்தது, கிரிமினல் வழக்கில் தண்டனை வந்தால் தொலைக்காட்சி நிலைய உரிமம் போகும். நிறுவனத்தின் சேர்மன் ஃபிரிட்ஸ் பீபி, அவரும் வக்கீல், "நானாக இருந்தால் போடமாட்டேன் என்று நினைக்கிறேன்" என்றார். எட்டு வருடம் அவர் பேச்சை நம்பியே நடந்தவர் கிரஹாம். அவர் குரலில் அழுத்தம் இல்லாததைக் கவனித்து, போடச் சொல்லிவிட்டார். இரவே இன்னொரு சட்டச் சிக்கல் கிளம்பியது: இரு பத்திரிகைக்கும் ஆவணம் தந்தவர் ஒருவரே என்றால் போஸ்டும் டைம்ஸும் கூட்டுச் சேர்ந்ததாக நீதிமன்ற அவமதிப்பு ஆகுமா? மறுபடி கேட்டார்கள், மறுபடி அதே பதில். 18ல் செய்தி வந்தது. 30ம் தேதி உச்ச நீதிமன்றம் 6–3 என்று பத்திரிகைகள் பக்கம் தீர்ப்பளித்தது.

எல்லோரும் விட்டுவிடும் சங்கதி ஒன்று. சந்தையில் விற்றது ‘பி’ வகைப் பங்கு, அதை வைத்திருப்பவர்கள் இயக்குநர்களில் 30 சதவீதம் பேரைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். மீதி குடும்பத்தின் ‘ஏ’ வகைப் பங்கிடம். விலை விழலாம், ஆனால் அவரை யாரும் இறக்க முடியாது. அந்தத் துணிச்சலில் பாதி இந்த ஏற்பாட்டில் இருக்கிறது என்பது என் கருத்து.

கோர்ட்டுப்படி:
பாதி என்பது அதிகம். விலை விழுவதும் சும்மா இல்லையே. 1972 செப்டம்பர் 15 அன்று, போஸ்டிடம் தொலைக்காட்சி நிலையம் இருக்கிறது, அதன் உரிமத்தைப் புதுப்பித்தாக வேண்டும் என்று நிக்சன் பேசியது ஒலிநாடாவில் பதிவானது. அது வெளியே தெரிந்தது பிற்பாடு. அன்று உரிமம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து யார் வேண்டுமானாலும் உரிமம் தரும் அரசு ஆணையத்திடம் "அவர்களுக்குக் கொடுக்காதே, எங்களுக்குக் கொடு" என்று மனுப் போடலாம். மனுவில் சரக்கு இருக்கிறதோ இல்லையோ, உரிமம் வைத்திருப்பவர் ஒவ்வொரு வரிக்கும் பதில் கொடுத்தாக வேண்டும். வழக்கு நடக்கும்வரை முதலீட்டாளர் பக்கத்தில் வரமாட்டார். வருடக் கடைசியில் ஃபுளோரிடா நிலையங்கள் மேல் நாலு மனு வந்து விழுந்தன: ஜாக்சன்வில் மேல் மூன்று, மயாமி மேல் ஒன்று. பங்கு 38 டாலரிலிருந்து 21க்கும், பிறகு இன்னும் கீழேயும் இறங்கியது. வக்கீல் செலவு பத்து லட்சம் டாலர் தாண்டியது.

1973 பிப்ரவரியில் வாட்டர்கேட் செய்தி எழுதிய நிருபர்களின் குறிப்பேடுகளைக் கேட்டு சம்மன். குறிப்பேடு நிருபர் கையில் இருந்தால் சிறைக்குப் போவது நிருபர். அதனால் அவற்றை முதலாளியின் பொறுப்பில் மாற்றினார்கள், மறுத்தால் உள்ளே போக வேண்டியவர் 55 வயதுப் பாட்டி என்று ஆனது. மார்ச்சில் நீதிபதி சம்மன்களை ரத்து செய்துவிட்டார்.

பங்குக்கணக்கு:
அந்த விழுந்த விலையில்தான் முதலீட்டாளர் வாரன் பஃபெட் 1973ல் ஒரு கோடி டாலருக்கு மேல் போட்டு வாங்கினார். கிரஹாம் பயந்ததும், கேட்காமல் இனி வாங்கமாட்டேன் என்று உறுதி கொடுத்தார். 1974ல் இயக்குநர் குழுவுக்கு வந்து, மற்ற நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளை வைத்து வரிவரியாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்.

ரோட்டரி ராஜா:
அச்சுப் பக்கத்தை யாருமே தொடவில்லை. 1975 அக்டோபர் 1, விடியற்காலை. முந்தைய நள்ளிரவோடு மெஷின்காரர்கள் சங்கத்தின் ஒப்பந்தம் முடிந்திருந்தது, தகராறு ஓவர்டைம், ஒரு மெஷினுக்கு எத்தனை ஆள் என்பது பற்றி. ஃபோர்மேனை அடித்துப் போட்டுவிட்டு மெஷின்களில் கை வைத்தார்கள். 9 மெஷின், 72 யூனிட் (மெஷினுக்குள் இருக்கும் தனித்தனி அச்சுப் பகுதி). வயரைப் பிடுங்குவது, காற்றுக் குழாயை அறுப்பது, கியர் எண்ணெயை வடிப்பது, சிலிண்டர் மேல் சுற்றிய மெத்தையைக் கிழிப்பது, காகித ரீலை வெட்டுவது, ஒன்றுக்குத் தீயும் வைத்தாயிற்று. தொழில் தெரிந்த கை செய்த வேலை. எதை எடுத்தால் நாள்கணக்கில் ஓடாது என்று வெளியாளுக்குத் தெரியாது. சிலிண்டர் மெத்தை கிழிந்தால் அழுத்தம் சீராக விழாது, எழுத்து ஓரிடம் அப்பும், ஓரிடம் வெளுக்கும். எண்ணெய் இல்லாமல் ஓட்டினாலோ கியரே போய்விடும். அதனால் ஒவ்வொரு யூனிட்டாகப் பார்த்து முடிக்காமல் சுவிட்சைத் தொட முடியாது.

ஒரே நாள்தான் பத்திரிகை நின்றது. கட்டட மொட்டை மாடியில் ஹெலிகாப்டர் இறங்கி, தயாரான பக்கங்களை எடுத்துக்கொண்டு சுற்றுவட்டாரத்தில் உள்ள ஆறு சின்ன அச்சகங்களுக்குப் பறந்தது. பக்கம் குறைந்த இதழ், பிரதியும் குறைவு. பிறகு சொந்த மெஷின்களை ஒவ்வொன்றாக உயிர்ப்பித்து, விளம்பரப் பிரிவு ஆட்களும் மேலாளர்களும் ஓட்டினார்கள். கிரஹாம் தொலைபேசியில் வரி விளம்பரம் எழுதினார், சனி இரவுகளில் பண்டல் கட்டும் பகுதியில் ஞாயிறு இதழைச் சுற்றினார். வேலைநிறுத்தம் 139 நாள்.

சங்கத்தோழர்:
ராஜா அண்ணே, மறுபக்கமும் வரட்டும். நிர்வாகம் முன்கூட்டியே சங்கத்தில் இல்லாதவர்களை ஓக்லஹாமாவுக்கு அனுப்பி மெஷின் ஓட்டப் பழக்கி வைத்திருந்தது. மேலாளர்கள் மெஷின் ஓட்டியது ஏதோ அன்று தோன்றியது இல்லை. உடைக்காமல் வெளியே வந்திருந்தால், நிருபர்களின் சங்கத்தில் பெரும்பாலோர் வேலைக்கு உள்ளே போயிருப்பார்களா? உடைத்தது முட்டாள்தனம், அதுவே அவருக்கு ஊர் அனுதாபத்தைக் கொடுத்தது. கடைசியில் அந்த மெஷின்களில் சங்கமே இல்லாமல் போனது. "ஃபில் தப்பான கிரஹாமைச் சுட்டுவிட்டார்" என்று எழுதிய அட்டையை ஒருவர் தூக்கி வந்ததையும் மறைக்க வேண்டாம், கேவலம்தான்.

இன்னொன்று. 1970 மார்ச் 16, இதே நிறுவனத்தின் நியூஸ்வீக் வார இதழில் 46 பெண்கள் பாகுபாட்டுப் புகார் கொடுத்தார்கள். தகவல் சேகரிக்கும் வேலைக்குப் பெண், எழுதும் வேலைக்கு ஆண் என்பது அங்கே நடைமுறை. "நான் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?" என்று கேட்டவர் உங்கள் அம்மையார்.

மேசைக்காரன்:
கேட்டது உண்மை. முதலாளி என்கிற முறையில் புகார் அவர் மேல், பெண் என்கிற முறையில் புகாரில் சொன்னது அவருக்கே நடந்தது. கொஞ்ச காலம் முன்புவரை விருந்து முடிந்ததும் பெண்கள் எழுந்து வேறு அறைக்குப் போக, ஆண்கள் அரசியல் பேசும் வழக்கத்தை அவரே ஏற்றுக்கொண்டிருந்தவர். பத்தி எழுத்தாளர் ஜோசஃப் ஆல்சப் வீட்டில் ஒரு நாள், பகல் முழுக்க ஆசிரியர்களோடு வேலை பார்த்துவிட்டு வந்த தான் ஏன் எழுந்து போக வேண்டும் என்று கிளம்பத் தயாரான பிறகுதான், வாஷிங்டனில் பல வீடுகளில் அது நின்றது.

கோர்ட்டுப்படி, அந்த நாலு மனுவும் என்ன ஆயிற்று?

கோர்ட்டுப்படி:
நிற்கவில்லை, ஜாக்சன்வில்லும் மயாமியும் போஸ்டிடமே இருந்தன. ஆனால் உரிமப் பயம் போகவில்லை. ஒரே ஊரில் பத்திரிகையும் தொலைக்காட்சியும் ஒருவரிடம் இருப்பதை அரசு தடுத்துவிடும் என்று, 1978ல் வாஷிங்டன் நிலையத்தையே டெட்ராயிட் நியூஸ் பத்திரிகையிடம் கொடுத்து அவர்களுடைய நிலையத்தை வாங்கிக்கொண்டார்கள், மேலே 20 லட்சம் டாலரும் கொடுத்து.