டேப்லெட்டா, தாளா? மலேசிய வாசகர்களின் சண்டை

செராஸ்காரன்:
நேராகவே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் தமிழ் படிக்கிறவர்களுக்கு இனி டேப்லெட்தான் சரி. தாளில்தான் படிப்பேன் என்ற பிடிவாதம், தெருமுனைக் கடையில் இதழ் தொங்குகிற ஊருக்குப் பொருந்தும். எனக்கு ஒரு வார இதழ் வேண்டுமென்றால் மஸ்ஜிட் ஜாமெக்கில் எல்ஆர்டி ரயிலை விட்டு இறங்கி, ஜாலான் மஸ்ஜிட் இந்தியா வரை வெயிலில் நடந்து, "இன்னும் வரலண்ணே, நாளைக்குப் பாருங்க" என்று கேட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். வந்தாலும் அட்டையில் ரூபாயில் ஒரு விலை, அதன் மேல் ஒட்டிய ஸ்டிக்கரில் மலேசிய வெள்ளியில் வேறு விலை. டேப்லெட்டில் சென்னைக்காரர் படிக்கிற அதே காலையில் நானும் படிக்கிறேன். எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே எட்டு அங்குலக் கருவியை ஒரு கையில் பிடித்துப் படிக்கலாம். கெட்டி அட்டை நாவலை அப்படிப் பிடித்துப் பாருங்கள், மணிக்கட்டு போய்விடும். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

தாள்வாசி (பினாங்கு):
தம்பி, மறுப்பு நிறையவே உண்டு. நான் தமிழ்ப்பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். திரையில் படிக்கும் பிள்ளையின் கண் வரியைப் பிடிக்காமல் கீழே வழுக்கிக்கொண்டு போவதை வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். என் பேச்சை நம்ப வேண்டாம். 2018இல் ஸ்பெயின், இஸ்ரேல் ஆய்வாளர்கள் சேர்ந்து 54 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். மொத்தம் 171,000 பேருக்கு மேல். தாளில் படித்தவர்களுக்குத்தான் கூடுதலாகப் புரிந்திருந்தது. நேரம் குறைத்துக் கொடுத்தால் வித்தியாசம் இன்னும் அதிகம். அவை 2000 முதல் 2017 வரை வெளிவந்த ஆய்வுகள். வருஷம் போகப் போக ஜனங்கள் திரைக்குப் பழகி இடைவெளி குறையும் என்றுதானே நினைப்போம்? கூடித்தான் இருக்கிறது.

செராஸ்காரன்:
சார், அதே ஆய்வில் இன்னும் கொஞ்சம் கீழே வாருங்கள். தகவல் சொல்லும் கட்டுரைகளில்தான் தாள் முந்தியது. கதைகளில் வித்தியாசம் இல்லை என்றும் அதே ஆய்வாளர்கள்தான் எழுதியிருக்கிறார்கள். நான் படிப்பது தொடர்கதையும் சிறுகதையும். எஸ்பிஎம் பரீட்சைக்கா உட்காரப் போகிறேன்?

தாள்வாசி (பினாங்கு):
கதைதான். சரி. பாதிக் கதையில் மேலே வாட்ஸ்அப் எட்டிப் பார்க்காதா?

செராஸ்காரன்:
அறிவிப்புகளை நிறுத்திவைக்க ஒரு பொத்தான் இருக்கிறது சார்.

தாள்வாசி (பினாங்கு):
நிறுத்திவைக்கிறீர்களா?

செராஸ்காரன்:
சில நாள்.

காமிக்ஸ் பித்தன் (கிள்ளான்):
நாவலை விடுங்கள், அதை எதில் படித்தாலும் எழுத்து எழுத்துதான். காமிக்ஸுக்கு வாருங்கள். கடையில் "பத்து இஞ்ச்" என்று விற்கும் டேப்லெட்டின் மேல் ஓர் ஏ4 தாளை இரண்டாக மடித்து வைத்துப் பாருங்கள். அந்த மடித்த தாளுக்கு மூலைக்கு மூலை 10.1 அங்குலம். அவ்வளவுதான் மொத்தத் திரையும். ஐரோப்பிய காமிக்ஸ் ஆல்பங்கள் கிட்டத்தட்ட முழு ஏ4 அளவில் வருபவை. அதைப் பாதியாகச் சுருக்கினால் பலூனுக்குள் இருக்கும் வசனம் எறும்பு ஊர்கிற மாதிரி ஆகிவிடும். தமிழில் வசனம் நீளும் என்பது காமிக்ஸ் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். மூலத்தில் இருந்த பலூனுக்குள் திணிப்பதற்காக எழுத்தை ஏற்கெனவே சின்னதாக்கித்தான் வைத்திருப்பார்கள்.

இதில் இன்னொரு வம்பு. மலிவு டேப்லெட்டுகள் பெரும்பாலும் படம் பார்ப்பதற்கென்று செய்தவை, ஒல்லியாக நீளமாக இருக்கும், நீள அகல விகிதம் 16:10. காமிக்ஸ் பக்கத்தை அதில் நிமிர்த்தி வைத்தால் அகலம் இடிக்கும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். 10.1 அங்குலத் திரையில் பக்கத்தின் அகலம் 13.6 செ.மீ.தான். அதே மூலை அளவில் 4:3 திரை என்றால் 14.5 செ.மீ. கிடைக்கும். ஒரு செ.மீ.க்குக்கூடக் குறைவுதானே என்று தோன்றும். எழுதியிருப்பதைப் படிப்பதற்கும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஊகிப்பதற்கும் நடுவில் அந்தத் துண்டு அகலம்தான் இருக்கிறது.

கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதி இருக்கிறதே என்று யாராவது வரப் போகிறீர்கள். வராதீர்கள். வலப்பக்கக் கடைசிக் கட்டத்தில் கதவுப் பிடியில் ஒரு கை. பக்கத்தைப் புரட்டினால் இரண்டு பக்கத்துக்கும் விரிந்த ஒரே ஓவியம். ஓவியர் அப்படித்தான் யோசித்து வைத்திருக்கிறார். அதைத் துண்டு போட்டுக் காட்டினால் ஓவியரை எதற்குக் கூப்பிட்டோம்?

செராஸ்காரன்:
பித்தன் அண்ணே, 13 அங்குல டேப்லெட் இருக்கிறது. வாங்குங்கள்.

காமிக்ஸ் பித்தன் (கிள்ளான்):
அதன் விலைக்கு லயன், முத்து காமிக்ஸ் இரண்டுக்கும் பல வருஷச் சந்தாவைச் சிவகாசிக்கு அனுப்பிவிடுவேன் தம்பி, கூரியர் செலவோடு சேர்த்தே.

செராஸ்காரன்:
வரியில் கழித்துக்கொள்ளலாமே. புத்தகம், இதழ், கணினி, கைப்பேசி, டேப்லெட், வீட்டு இணையக் கட்டணம் எல்லாம் வாழ்க்கைமுறை வரிக்கழிவில் வருகிறது. 2,500 வெள்ளி வரைக்கும்.

தாள்வாசி (பினாங்கு):
அங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். முன்பு புத்தகத்துக்கென்று 1,000 வெள்ளி தனியாக இருந்தது. 2017 கணக்காண்டிலிருந்து எல்லாவற்றையும் ஒரே 2,500க்குள் போட்டுவிட்டார்கள். ஒரு டேப்லெட் வாங்கினால் அந்த வருஷக் கழிவு தீர்ந்தது, புத்தகத்துக்கு ஒரு காசு மிஞ்சாது. படிக்கிறவனையும் புதுக் கைப்பேசி வாங்குகிறவனையும் ஒரே வரிசையில் நிற்க வைத்தது யார் யோசனையோ.

பத்துமலை அக்கா:
ஆம்பளைங்க எல்லாம் அங்குலமும் வரியும் பேசுகிறீர்கள். என் வீட்டில் இரண்டு கட்சியும் இருக்கிறது.

என் மாமியாருக்குக் கண்புரை. அறுவைக்கு முன்னால் இதழ் படிப்பதையே விட்டிருந்தார். டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்த பிறகு ராசிபலனிலிருந்து வாசகர் கடிதம் வரைக்கும் ஒன்று விடாமல் படித்தார். ஆனால் ஒன்று. எழுத்து பெரிதாகும்போது நம் நீளச் சொற்கள் ஒரு வரிக்கு இரண்டுதான் நிற்கும். இரண்டு ஓரமும் சமமாக இருக்கட்டும் என்று செயலி நடுவில் பெரிய பெரிய ஓட்டை விடும். "ஏம்மா, இங்கே ஏதாவது எழுத்து விட்டுப்போச்சா?" என்று கேட்பார். இடப்பக்கம் மட்டும் ஒட்டி நிற்கும்படி அமைப்பில் மாற்றியதும் சரியாயிற்று. பெரியவர்களுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள். அப்புறம், படமாக ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்பில் இந்த வித்தை எதுவும் பலிக்காது. பெரிதாக்கினால் பக்கமே பெரிதாகும், ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கோ ராத்திரியில் டேப்லெட் கிடையாது, கதைப் புத்தகமாக இருந்தாலும் கிடையாது. அமெரிக்காவில் 2014 கடைசியில் வந்த ஓர் ஆய்வு: படுக்கப் போகுமுன் நான்கு மணி நேரம் ஐபேடில் படித்தவர்களுக்குத் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு தள்ளிப்போனது, தூக்கம் வரவும் நேரமானது, மறுநாள் காலையில் மந்தம். மந்தத்தோடு எழுகிற பிள்ளையை ஆறரைக்குப் பள்ளிப் பேருந்தில் ஏற்றுவது நான்தான்.

செராஸ்காரன்:
அக்கா, அந்த ஆய்வில் இருந்தவர்கள் 12 பேர். நான்கு மணி நேரம், முழு வெளிச்சத்தில். உங்கள் பிள்ளை அரை மணி நேரம் படித்தால் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. வெளிச்சம்தான் கவலை என்றால் கிண்டில் மாதிரி மின்தாள் கருவி வாங்கிக் கொடுங்கள். கருவியின் விளக்கை அணைத்து வைத்தால் அதிலிருந்து ஒளி வராது, அறை விளக்கில் தாள் தெரிவது மாதிரியே தெரியும். கிண்டிலில் 2016 டிசம்பரிலிருந்தே தமிழ் நூல்கள் இருக்கின்றன.

பத்துமலை அக்கா:
12 பேரோ 1,200 பேரோ, என் வீட்டு இரண்டு பேரைப் பற்றி எனக்குத் தெரியும் தம்பி.

செந்தூல் அச்சுக்காரன்:
இவ்வளவு நேரம் கண்ணைப் பற்றியும் கையைப் பற்றியும் பேசியாயிற்று. பூட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. வாங்கிய மின்னூல் உங்களுடையதா? 2009இல் அமேசான் ஒரு நாவலை, காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டிலுக்குள் புகுந்து அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லையாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது விற்ற நூல்களும் சேர்ந்தே போயின. அங்கேயும் பணம் திரும்பி வந்தது. 2025 பிப்ரவரியில் கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக மாற்றும் வழியும் அடைபட்டது. மஸ்ஜிட் இந்தியாவில் நான் வாங்கிய புத்தகத்தை அந்தக் கடைக்காரர் என் வீட்டுக்குள் வந்து எடுத்துக்கொண்டு போக முடியுமா?

இன்னொன்று, தம்பி செராஸ்காரரே, "சென்னைக்காரர் படிக்கிற அதே காலையில்" என்றீர்கள். சந்தா கட்டியா, டெலிகிராம் குழுவிலா?

செராஸ்காரன்:
சந்தா கட்டித்தான். குழுவில் வருவதும் தெரியும். மறுக்க மாட்டேன், என் நண்பர்களில் பாதிப் பேர் அப்படித்தான் படிக்கிறார்கள்.

செந்தூல் அச்சுக்காரன்:
அந்தப் பாதிப் பேரால்தான் இதழ்களின் பக்கம் மெலிகிறது. நம் ஊரிலேயே பாருங்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றது. அதற்குக் காரணங்கள் பல, திருட்டு பிடிஎஃப் மேல் முழுப் பழியும் போடவில்லை. ஆனால் இலவசமாகப் படித்துப் பழகியவரை மறுபடி காசு கொடுக்க வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று விளம்பரத்துக்கும் சந்தாவுக்கும் அலைந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

காமிக்ஸ் பித்தன் (கிள்ளான்):
அண்ணே, தாளுக்கு நீங்கள் கொடுக்கிற சான்றிதழ் கொஞ்சம் அதிகம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் இருந்த என் நண்பரின் சேகரிப்பு மொத்தமும் சேற்றுக் கட்டியாயிற்று. வெள்ளம் வராத வீட்டில் மட்டும் என்ன? இந்த ஊர் ஈரப்பதத்தில் ராமபாணப் பூச்சி, கரையான், பூஞ்சை. அலமாரியில் பாச்சை உருண்டை போட்டுப் போட்டு என் காமிக்ஸ் எல்லாம் துணிப்பெட்டி வாசம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின, ஓலைச் சுவடிகளோடு. இன்று ஈழத்து நூல்களையும் இதழ்களையும் நாம் கோலாலம்பூரில் உட்கார்ந்து தேடிப் படிக்க முடிகிறதென்றால் 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகத் திட்டம்தான் காரணம். அங்கே பூட்டும் கிடையாது, காசும் கிடையாது.

தாள்வாசி (பினாங்கு):
சேமித்து வைப்பதற்குத் திரை வேண்டும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தை 1998இல் தொடங்கியவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆப்பிள் கருவியில் நீங்கள் படிக்கிற தமிழ் எழுத்துருவே நம் ஊர் முத்து நெடுமாறன் செய்து கொடுத்ததுதான், அதிலும் எனக்குப் பெருமைதான். ஆனால் சேமிப்பு வேறு, வாசிப்பு வேறு. 2010இல் வந்த முதல் ஐபேடுக்கு 2012க்குப் பிறகு புது மென்பொருள் இல்லை. இன்றைய வாசிப்புச் செயலிகள் அதில் ஏறுவதில்லை. அதற்கு முன்னால் பினாங்கு சௌராஸ்தா சந்தை மாடியில் நான் வாங்கிய பழைய புத்தகம் இன்றும் திறக்கிறது, சார்ஜர் கேட்கவில்லை. பேத்திக்குக் கொடுத்தேன், அவள் தோழிக்குக் கொடுத்தாள். உங்கள் டேப்லெட் கதையை யாருக்காவது இரவல் கொடுத்திருக்கிறீர்களா?

செராஸ்காரன்:
இரவல் கொடுத்த புத்தகம் உங்களுக்குத் திரும்பி வந்திருக்கிறதா சார்?

தாள்வாசி (பினாங்கு):
வராது. அதுவும் ஒரு விநியோகம்தான்.

காமிக்ஸ் பித்தன் (கிள்ளான்):
சண்டைக்கு நடுவில் ஒரு வேலைக் கேள்வி. என்னிடம் இருக்கும் எழுபதுகள், எண்பதுகளின் காமிக்ஸ் பழுப்பேறி, விளிம்பு உதிர ஆரம்பித்துவிட்டது. எனக்காக ஸ்கேன் செய்து வைக்க நினைக்கிறேன். முதுகை வெட்டினால்தான் பக்கம் தட்டையாக வரும் என்கிறார்கள். வெட்ட மனசு வரவில்லை.

செராஸ்காரன்:
வெட்டுங்கள். உதிரப் போகிற தாள்தானே.

செந்தூல் அச்சுக்காரன்:
பித்தன் தம்பி, கத்தியை எடுக்காதீர்கள். முதலில் எந்த ரகக் கட்டு என்று பாருங்கள். ஒல்லி இதழ்கள் பெரும்பாலும் நடுவில் பின் அடித்தவை. நடுப்பக்கத்தைத் திறந்து, பின்னின் இரண்டு காலையும் தட்டையான, மொண்ணையான எதையாவது வைத்து நெம்பி நிமிர்த்துங்கள். தாள் மொத்தமும் தனித்தனியாகக் கழன்று வந்துவிடும், ஒன்றையும் வெட்ட வேண்டியதில்லை. நம் ஊர் ஈரத்தில் பின் துருப்பிடித்திருக்கும். அந்தத் துருதான் சுற்றியுள்ள தாளைத் தின்கிறது, ஆகவே திரும்ப அதே பின்னைப் போடாதீர்கள். பழைய ஓட்டையிலேயே பருத்தி நூலால் இரண்டு தையல் போதும். பசை போட்ட கெட்டி இதழ் என்றால் மேலிருந்து படம் பிடியுங்கள், பாதி மட்டும் திறந்து, இரண்டு பக்கமும் சாய்வாக முட்டுக் கொடுத்து. ஸ்கேனர் என்றால் அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையாமல் வையுங்கள். முடிந்ததும் எல்லாப் படங்களையும் சிபிஇசட் கோப்பாகக் கட்டிவிடுங்கள். உள்ளே இருப்பது வெறும் ஜிப், எந்தக் கருவியிலும் திறக்கும், எந்தக் கம்பெனியும் பூட்ட முடியாது.

தாள் உதிர்வதற்குக் காரணம் அது மலிவான செய்தித்தாள் ரகம். மரக்கூழில் இருக்கும் லிக்னின் வெளிச்சம் பட்டால் பழுப்பேறும், கூடவே அமிலம் தாளை முறிய வைக்கும். ஆகவே ஸ்கேன் முடிந்ததும் வெயில் படாத அலமாரி. தயவு செய்து குழுவில் போடாதீர்கள். காப்புரிமை மலேசியாவில் படைப்பாளி இறந்து 50 வருஷம், இந்தியாவில் 60. உங்கள் எழுபதுகளுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

காமிக்ஸ் பித்தன் (கிள்ளான்):
நன்றி அண்ணே. நெம்புவதற்கு வெண்ணெய்க் கத்தி சரியாக இருக்குமா?

செந்தூல் அச்சுக்காரன்:
சரியாக இருக்கும். வெண்ணெய் இல்லாமல்.

தாள்வாசி (பினாங்கு):
ஸ்கேன் முடிந்த இதழ்களை வைக்க இடமில்லை என்றால் சொல்லுங்கள். எடுத்துக்கொள்கிறேன், ஆனால் அஞ்சல் செலவு உங்களுடையது.