சுற்றிணர், இணைப்பூ: ஹனிசக்கிள் குறிப்புக்கு இரண்டு சொற்கள்

வணக்கம் ஐயா,

காட்டு ஹனிசக்கிள் கொடியை அடையாளம் காணும் குறிப்பில் 'அடுக்குப்பூ' என்று போடலாம் என்றீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அடுக்கு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது அடுக்குமல்லியும் அடுக்குச் செம்பருத்தியும்தான். அது ஒரே பூவுக்குள் இதழ் பெருகுவது. நாம் சொல்ல வேண்டியதோ, பூக்கள் கொடியில் எங்கே, எப்படி அமர்ந்திருக்கின்றன என்பது.

கொடியையே பார்ப்போம். இங்கிலாந்தின் காட்டோரங்களிலும் புதர்வேலிகளிலும் இயல்பாகப் படர்வது காட்டு ஹனிசக்கிள், அதாவது லோனிசெரா பெரிகிளைமெனம். கிளை நுனியில்தான் பூக்கும். இந்தப் பக்கம் மூன்று, எதிர்ப்பக்கம் மூன்று, காம்பில்லாமல் தண்டை ஒட்டி ஆறு பூ சேர்ந்தால் ஒரு சுற்று. சுற்றுகள் நெருங்கி நிற்பதால் எட்ட இருந்து பார்த்தால் ஒரே கொண்டை மாதிரி தெரியும். தோட்டத்திலிருந்து தப்பி வந்த ஜப்பானிய ஹனிசக்கிளில் அப்படி இல்லை. இலைக்கோணத்தில் ஒரு சிறு காம்பு, அதன்மேல் இரண்டே பூ. நிறத்தை நம்பவே முடியாது. இரண்டும் வெளிறிப் பூத்து மஞ்சளாக மாறுபவை. அமைப்பு மட்டும் பூ உதிர்ந்த பிறகும் நிற்கும்: முன்னதில் சிவப்புப் பழங்கள் நுனியில் கொத்தாக, பின்னதில் கறுப்புப் பழங்கள் இலையடியில் இணையாக.

சரி, சொல்லுக்கு வருவோம். பாடநூலின் 'சிரமஞ்சரி', பல சிறு பூக்கள் ஒரே தலைபோல் நெருங்கிய கொத்து, சூரியகாந்திக்கு உரியது. இங்கே போட்டால் மாணவர் குழம்புவார். கொத்துக்கு நம்மிடம் 'இணர்' என்ற பழைய சொல் இருக்கிறது. 'இணரூழ்த்தும் நாறா மலர்' என்று 650ஆம் குறளிலேயே வருகிறது. சுற்றுச் சுற்றாக அமைந்த இணர், 'சுற்றிணர்'. சொன்னதுமே வடிவம் கண்முன் வருகிறது, எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஜப்பானியதற்கு 'இணைப்பூ'. 'இரட்டைப்பூ' வேண்டாம், அதுவும் அடுக்குப்பூவின் பக்கமே இழுக்கும்.

ஒரு சிக்கல் மிச்சம். இன்னொரு ஹனிசக்கிளான லோனிசெரா கேப்ரிஃபோலியத்துக்கும் சுற்றிணர்தான். ஆனால் அதில் பூவுக்குக் கீழுள்ள இலைச் சோடி அடியில் ஒன்றாக ஒட்டி, தட்டுப்போல் தண்டைச் சூழ்ந்திருக்கும், பெரிகிளைமெனத்தில் ஒட்டாது. இந்த இலைக்கு 'கூட்டிலை' என்று சொல்ல முடியாது, அது வேப்பிலை, புளியிலை வகைக்குப் போய்விட்டது. இப்போதைக்கு 'ஒட்டிலை' என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருந்தும் சொல் ஊர்வழக்கில் இருந்தால் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.